அக்கா கல்யாண வி.சி.டி.: ஃபைல் தெரிகிறது, காப்பி எடுத்தால் இன்புட்/அவுட்புட் எரர்

வைகைக்கரை | சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

அக்கா கல்யாணம் 2003-ல் மதுரையில் நடந்தது. ஸ்டுடியோக்காரர் மூன்று சி.டி.யில் வீடியோ போட்டுக் கொடுத்தார். அப்பா 2006-ல் காலமாகிவிட்டார். அவர் பேசுகிற மாதிரி எங்களிடம் இருப்பது இந்த வீடியோ ஒன்றுதான். பீரோவை ஒழிக்கும்போது அம்மா எடுத்துக் கொடுத்து, "இதைப் போனில் போட்டுக் குடு" என்றார்.

லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. ரைட்டர் ஒன்று வாங்கினேன். சி.டி.யைப் போட்டதும் தானாகவே மவுண்ட் ஆகிறது (சிஸ்டத்தோடு இணைகிறது), ஃபோல்டர்கள் தெரிகின்றன. எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள் ஏவிசெக்01 என்ற பெயரில் டாட் (டி.ஏ.டி.) ஃபைல் ஒன்று இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது. காப்பி எடுத்தால் ஒரு நொடியில் "இன்புட்/அவுட்புட் எரர்". மூன்று சி.டி.யிலும் இதே கதை. பக்கத்துக் கடையில் காட்டினேன். "இருபது வருஷ சி.டி., செத்துப்போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏதாவது வழி உண்டா?

——

கோவைமில் | சனி, இரவு 9:40

டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையில் முழு சி.டி.யையும் ஒரே இமேஜாக (முழு நகலும் ஒரே ஐ.எஸ்.ஓ. ஃபைலில்) எடுத்துவிடுங்கள். நோஎரர், சிங்க் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எரர் வந்தாலும் நிற்காது. பிறகு அந்த ஐ.எஸ்.ஓ.வை மவுண்ட் செய்து ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். நான் எல்லா டிஸ்க்கையும் இப்படித்தான் எடுப்பேன்.

——

பழையதட்டு | சனி, இரவு 10:25

வைகைக்கரை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று டிஸ்க்கும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு நொடியில் நிற்கிறது என்கிறீர்கள். தேய்ந்துபோன டிஸ்க் அப்படி நிற்காது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் திணறும்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். காப்பி எடுக்க முயன்று எரர் வந்தவுடன் டெர்மினலில் டிஎம்இஎஸ்ஜி என்று அடியுங்கள் (சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி, தேவைப்படலாம்). கடைசியில் எஸ்ஆர்0 (சி.டி. டிரைவுக்கு லினக்ஸ் வைத்த பெயர்) என்று வரும் வரிகள் இருக்கும். அதில் "மீடியம் எரர்" என்று வருகிறதா, "இல்லீகல் ரிக்வெஸ்ட்" என்று வருகிறதா?

(கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படியே தமிழெழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

——

வைகைக்கரை | சனி, இரவு 10:51

பார்த்தேன். மூன்றிலும் "இல்லீகல் ரிக்வெஸ்ட்". அடுத்த வரியில் "இல்லீகல் மோட் ஃபார் திஸ் ட்ராக்". மீடியம் எரர் எங்கேயும் இல்லை.

——

பழையதட்டு | சனி, இரவு 11:38

நல்ல செய்தி. உங்கள் டிஸ்க் சாகவில்லை. அதனிடம் கேட்கிற முறைதான் தப்பு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரியாமல் எத்தனையோ வீடுகளில் கல்யாண சி.டி.க்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

சி.டி.யில் ஒரு செக்டர் என்பது 2352 பைட். சாதாரண டேட்டா சி.டி.யில் அதில் 2048 பைட்தான் நம் ஃபைலுக்கு. மீதியில் அடையாளம், முகவரி போக, 276 பைட் பிழைதிருத்தத்துக்கு என்றே ஒதுக்கியது. கீறல் விழுந்து சில பைட் தப்பாக வந்தால் டிரைவே கணக்குப் போட்டுச் சரியான பைட்டைக் கண்டுபிடித்துவிடும்.

1993-ல் வி.சி.டி. வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் படத்தை அதே வட்டில் அடைக்க வேண்டியிருந்தது. படத்தில் ஒரு புள்ளி தப்பாக வந்தால் குடி முழுகாது என்று அந்தக் கூடுதல் பிழைதிருத்தத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் படம் இருக்கிற ட்ராக்கில் ஒரு செக்டருக்கு 2324 பைட். இதற்கு மோட் 2 ஃபார்ம் 2 என்று பெயர்.

உங்கள் சி.டி.யில் முதல் ட்ராக் சின்னது, சாதாரண 2048 பைட் செக்டர்கள். ஃபோல்டர் பட்டியல் இருப்பது அங்கேதான். அதனால்தான் மவுண்ட் ஆகிறது, பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது. படம் இருப்பது இரண்டாவது ட்ராக்கில். பட்டியலில் உள்ள டாட் ஃபைல் அந்த ட்ராக்கைக் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். காப்பி எடுக்கும்போது லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் உள்மையம்) போய் "2048 பைட் கொடு" என்று கேட்கிறது. "இந்த ட்ராக்கில் அந்த அளவே கிடையாது" என்கிறது டிரைவ். நீங்கள் பார்த்த "இல்லீகல் மோட்" இதுதான். கீறலாக இருந்தால் "மீடியம் எரர், அன்ரிகவர்டு ரீட் எரர்" என்று வந்திருக்கும்.

விண்டோஸில் அந்த டாட் ஃபைல் காப்பி ஆகும், அதன் டிரைவர் வேறு விதமாகக் கேட்கிறது. லினக்ஸில் மவுண்ட் வழியாக எவ்வளவு முயன்றாலும் வராது. அதே காரணத்தால் கோவைமில் சொன்ன டிடி-யும் இங்கே உதவாது. முதல் ட்ராக் வரை எடுத்துவிட்டு மீதி முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி, பெரிய ஐ.எஸ்.ஓ. ஒன்றைக் கொடுத்துவிடும். அளவைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து அசல் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது:

விசிடிஇமேஜர் என்ற பேக்கேஜை நிறுவுங்கள், உபுண்டு களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதோடு விசிடிஎக்ஸ்ரிப் என்ற கட்டளை வரும். முதலில் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்யுங்கள் (வெளியே எடுக்க வேண்டாம்). காலி ஃபோல்டர் ஒன்றுக்குள் போய், சிடிராம்-டிவைஸ் என்ற ஆப்ஷனுக்கு டெவ் ஃபோல்டர் அடியில் உள்ள எஸ்ஆர்0-வைக் கொடுத்து விசிடிஎக்ஸ்ரிப்பை ஓட்டுங்கள். ஏவிசெக்01 என்று எம்.பி.ஜி. ஃபைல் வந்து விழும். அப்படியே வி.எல்.சி.யில் ஓடும்.

அது ஏதாவது தகராறு செய்தால் எம்ப்ளேயரில் விசிடி://2 என்று கொடுத்து, டம்ப்ஸ்ட்ரீம் ஆப்ஷனோடு ஒரு ஃபைலுக்குக் கொட்டச் சொல்லலாம். அந்த 2 என்பது இரண்டாவது ட்ராக்.

——

கோவைமில் | ஞாயிறு, காலை 7:05

தெரியாமல் சொல்லிவிட்டேன், வைகைக்கரை. வி.சி.டி. என்று தலைப்பில் எழுதியிருந்தும் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

பழையதட்டு அண்ணே, சாதாரண டேட்டா டிஸ்க்குக்காவது டிடி சரிதானே? பத்து வருஷமாக அதைத்தான் நம்பி வைத்திருக்கிறேன்.

——

வைகைக்கரை | ஞாயிறு, காலை 11:20

முதல் சி.டி. வந்துவிட்டது!!! முழுசாக. நிச்சயதார்த்தம், பந்தக்கால், பெண் அழைப்பு எல்லாம் இருக்கிறது. இரண்டாவதும் வந்துவிட்டது. தாலி கட்டுகிற இடத்தில் கொஞ்சம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஆனால் ஓடுகிறது.

மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. இப்போது டிஎம்இஎஸ்ஜி-யில் மீடியம் எரர் வருகிறது. சாப்பாட்டுப் பந்தியும் மறுவீடும் அதில்தான் இருக்கின்றன. அப்பா பந்தியில் நின்று எல்லாரையும் கவனித்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்கிறார். எங்களுக்கு வேண்டியது அந்த இடம்தான்.

——

பழையதட்டு | ஞாயிறு, மதியம் 1:15

வைகைக்கரை, மூன்றாவது டிஸ்க்கை டிரைவிலிருந்து எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அந்த இடத்தில் வெள்ளிப் பூச்சே போய்விட்டது, துடைத்து வராது. சி.டி.யில் அந்தப் பூச்சு இருப்பது எழுத்து எழுதுகிற மேல் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில். அதனால் மேல்பக்கத்துக் கீறல்தான் உண்மையில் ஆபத்து. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள், பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

புள்ளி இல்லை, கீழ்ப்பக்கம் கறையும் கைரேகையும்தான் என்றால் வழி இருக்கிறது. பழைய பருத்தி வேட்டித் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். தட்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் சுருள் கோட்டில் ஓடுகிறது. துடைக்கும்போது கீறல் அந்தக் கோட்டோடு சேர்ந்து விழுந்தால் தொடர்ச்சியாகப் பல செக்டர் போகும். குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவுதான் போகும், அதை டிரைவ் சரிக்கட்டிவிடும். சுருள் கோட்டில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை தொடர்ந்து அழிந்திருந்தாலும் மீட்டெடுக்கும் திருத்தம் எல்லா சி.டி.க்கும் உண்டு, வி.சி.டி.க்கும் சேர்த்து.

பிறகு வேகத்தைக் குறையுங்கள். இஜெக்ட் கட்டளையில் மைனஸ் எக்ஸ் 4 கொடுத்தால் நாலு மடங்கு வேகத்துக்கு இறங்கும் (சில டிரைவ்கள் இதை மதிப்பதில்லை). யு.எஸ்.பி. டிரைவை ஹப்பில் செருகாமல் நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். மின்சாரம் போதாமல் படிக்கத் தடுமாறுவதை டிஸ்க்கின் கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

அதிலும் வரவில்லை என்றால் சிடிஆர்டிஏஓ என்ற நிரலில் ரீட்-சிடி, ரீட்-ரா கொடுத்து 2352 பைட்டும் அப்படியே ஒரு பின் (பி.ஐ.என்.) ஃபைலாக எடுங்கள். விசிடிஎக்ஸ்ரிப்புக்கு டிஸ்க்குக்குப் பதில் அந்த பின் ஃபைலையே கொடுக்கலாம்.

இன்னொரு கேள்வி. கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர்கள் பெண் வீட்டுக்கு ஒரு செட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு செட் என்றுதான் போடுவார்கள். அக்காவின் மாமியார் வீட்டில் கேட்டீர்களா?

கோவைமில் தம்பி, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

——

பழையதட்டு | ஞாயிறு, மதியம் 2:02

கோவைமில், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் டிடி போதும். பழுதான டிஸ்க்கில்தான் அது காலை வாருகிறது.

நோஎரர் மட்டும் கொடுத்து சிங்க்கை விட்டுவிட்டால், படிக்க முடியாத இடத்தை இமேஜில் அப்படியே விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே முன்னால் நகர்ந்துவிடும், ஒரு ஃபைலும் தன் இடத்தில் இருக்காது. சிங்க் கொடுத்தாலும், வேகத்துக்காகப் பிளாக் அளவை 64 கே என்று வைத்திருந்தால் ஒரே ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் அதோடு சுற்றியுள்ள நல்ல செக்டர்களையும் சேர்த்து இழக்க நேரும். ஒரு பிளாக்குக்கு 32 செக்டர். அதுபோக, எந்த இடம் கெட்டது என்ற குறிப்பு எங்கேயும் இருக்காது. மறுபடி முயல வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து டிரைவைப் போட்டு அரைக்க வேண்டும். பலவீனமான டிஸ்க்கை அப்படி அரைப்பது எனக்குச் சம்மதமில்லை.

டிடிரெஸ்க்யூ-வுக்கு மாறிவிடுங்கள். டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் பெயருக்கு முன்னால் ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளையில் அந்த ஜி கிடையாது. முதல் சுற்றில் மைனஸ் என், மைனஸ் பி 2048 கொடுத்து எஸ்ஆர்0, இமேஜ் ஃபைல், மேப் ஃபைல் (எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு) என்ற வரிசையில் எழுதுங்கள். கெட்ட இடத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிவிடும். இரண்டாவது சுற்றில் மைனஸ் என்-ஐ எடுத்துவிட்டு மைனஸ் டி, மைனஸ் ஆர் 3. அப்போது விட்டுப்போன இடங்களில் மட்டும் மூன்று முறை முயலும்.

அந்த மேப் ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு டிரைவுக்குப் படிக்காத செக்டர் இன்னொரு டிரைவில் படிப்பது சர்வசாதாரணம். டிரைவை மாற்றி அதே இமேஜ், அதே மேப் கொடுத்தால் ஓட்டைகளை மட்டும் அடைக்கும். அச்சு அசலாக ஒரே மாதிரி எழுதிய இரண்டு பிரதிகள் இருந்தால், முதல் பிரதியின் ஓட்டையை இரண்டாவது பிரதியிலிருந்தும் அடைக்கலாம்.

பயப்பட வேண்டாத எரர் ஒன்றும் உண்டு. ட்ராக்-அட்-ஒன்ஸ் (ஒவ்வொரு ட்ராக்காக எழுதும்) முறையில் எழுதிய சி.டி.யில் கடைசி இரண்டு செக்டர் எப்போதுமே படிக்காது. அது எழுதி முடிக்கும்போது லேசர் விட்டுச்செல்கிற வால், அதில் உங்கள் ஃபைல் எதுவும் இல்லை. ஐஎஸ்ஓசைஸ் கட்டளையில் ஃபைல் சிஸ்டத்தின் உண்மையான அளவு தெரியும். இமேஜ் அந்த அளவு வரை குறையில்லாமல் இருந்தால் போதும்.

——

வடமராட்சி | ஞாயிறு, மாலை 6:30

வணக்கம் அண்ணா. இதே இழையில கேக்கலாமோ தெரியேல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

எங்கட கோயில் கும்பாபிஷேக மலர் 2005-ல அச்சடிச்சது. அதின்ர பக்கங்கள், படங்கள் எல்லாம் ஒரு இறுவட்டில இருக்குது. மலர் வேலை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாப் பதிஞ்சு வச்சவை. இப்ப லினக்ஸில போட்டால் கடைசியாப் பதிஞ்ச அட்டைப்பட கோப்புறை மட்டும்தான் தெரியுது. வட்டின்ர பின்பக்கத்தைப் பார்த்தால் முக்கால்வாசிக்கு நிறம் மாறியிருக்கு. அப்ப மிச்சம் எங்க போனது?

——

பழையதட்டு | ஞாயிறு, இரவு 8:10

வடமராட்சி, தாராளமாகக் கேளுங்கள், இதுவும் காப்பு எடுக்கிற விஷயம்தான்.

பின்பக்க நிறத்தைப் பார்த்தது மிகச் சரி. எழுதிய இடம் நிறம் மாறித்தான் இருக்கும். உங்கள் வட்டு பல தடவையாக எழுதியது, ஒவ்வொரு தடவையும் ஒரு செஷன். நாம் எதுவும் சொல்லாவிட்டால் லினக்ஸ் கடைசி செஷனின் பட்டியலைத்தான் மவுண்ட் செய்யும். எழுதியவர் புதிய செஷனில் பழையதை இணைக்காமல் விட்டிருந்தால் பழைய ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அழியவில்லை.

எக்ஸ்ஓஆர்ஐஎஸ்ஓ என்ற நிரலை நிறுவி, மைனஸ் இன்டெவ் என்று எஸ்ஆர்0-வைக் கொடுத்து, மைனஸ் டிஓசி சேருங்கள். ஒவ்வொரு செஷனும் எந்த செக்டரில் தொடங்குகிறது என்று ஒரு பட்டியல் வரும். அதில் எஸ்பிசெக்டர் என்ற பத்தியில் உள்ள எண்ணை மவுண்ட் கட்டளையில் எஸ்பிசெக்டர்=அந்த எண் என்று கொடுங்கள், ஆர்ஓ-வும் (படிக்க மட்டும்) சேர்த்து. முதல் செஷனுக்கு 0.

முதலில் டிடிரெஸ்க்யூவால் முழு வட்டையும் இமேஜ் எடுத்துவிட்டு, பிறகு அந்த இமேஜை லூப் மவுண்ட் (ஃபைலையே டிஸ்க் மாதிரி மவுண்ட்) செய்து இதே எண்களைக் கொடுப்பது இன்னும் நல்லது. வட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: இமேஜில் செஷன் விவரம் இருக்காது. எண் கொடுக்காமல் மவுண்ட் செய்தால் முதல் செஷன் தெரியும், வட்டைப் போட்டபோது கடைசி செஷன் தெரிந்தது. எது சரி என்று குழம்ப வேண்டாம், இரண்டும் சரி.

——

நெல்லைக்காற்று | ஞாயிறு, இரவு 9:45

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் கடையில் செய்து தருகிறார்கள். அம்மா காத்திருக்கிறார் என்றால் அதைச் செய்துவிடலாமே?

——

பழையதட்டு | ஞாயிறு, இரவு 10:20

நெல்லைக்காற்று, நல்ல கடை கிடைத்தால் கொடுக்கலாம், தப்பே இல்லை. ஆனால் வைகைக்கரை முதலில் கடைக்குத்தான் போனார், தூக்கிப் போடச் சொன்னார்கள். பல கடைகளில் படத்தை ஓடவிட்டு மறுபடி சுருக்கி எம்.பி.4 ஆக்கித்தான் தருவார்கள். வி.சி.டி.யின் படம் முதலிலேயே 352-க்கு 288 புள்ளிதான். அதை இன்னொரு முறை சுருக்கினால் முகம் கரைந்துவிடும். விசிடிஎக்ஸ்ரிப் வட்டில் இருந்த எம்பெக்-1 ஓடையைத் தொடாமல் அப்படியே எடுக்கிறது. அம்மா போனுக்குச் சின்னதாக ஒன்று மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அசல் ஓடை வீட்டில் இருக்க வேண்டும்.

——

வடமராட்சி | திங்கள், மதியம் 12:40

அண்ணா, வந்திட்டுது! பதினொரு செஷன். எல்லாத்தையும் ஒவ்வொண்டாய் மவுண்ட் பண்ணிப் பார்த்தன். எட்டாவதில நாதஸ்வரக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து எடுத்த படம் இருக்குது, அச்சில சின்னனாத்தான் வந்தது, இதில முழு அளவில கிடக்கு. அதில இருக்கிற மூண்டு பேர் இப்ப இல்லை. நிர்வாகசபைக்கு ஒரு பிரதி குடுக்கப் போறன். பெரிய உபகாரம்.

——

வைகைக்கரை | புதன், இரவு 10:55

தாமதத்துக்கு மன்னியுங்கள், காரைக்குடி போய்விட்டு வந்தேன்.

எங்கள் மூன்றாவது சி.டி.யை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். விளிம்புக்குப் பக்கத்தில் நாலைந்து புள்ளி தெரிந்தது. யாரோ மேலே பால்பாயிண்ட் பேனாவால் "கல்யாணம் 3" என்று அழுத்தி எழுதியிருக்கிறார்கள், சரியாக அந்த இடம். துடைத்து, வேகம் குறைத்து, சிடிஆர்டிஏஓ-வும் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் நகரவில்லை.

பழையதட்டு அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விதான் கைகொடுத்தது. அக்காவின் மாமியார் அவருடைய செட்டைப் பட்டுப்புடவைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதிலும் மூன்றாவது சி.டி. கறை படிந்துதான் இருந்தது, ஆனால் புள்ளி இல்லை. துடைத்துவிட்டு அங்கேயே லேப்டாப்பில் போட்டேன். 23-வது நிமிஷத்தில் ஏழெட்டு நொடி கட்டம் கட்டமாக உடைகிறது. மற்றபடி கடைசி வரை வந்துவிட்டது.

அப்பா பந்தியில் வருகிறார். தோளில் துண்டு, கையில் பாயச வாளி. கேமராவைப் பார்த்து, "இங்க என்னத்தை எடுக்குற, அங்க கடைசி வரிசைல அப்பளம் வரலை, அதைப் போய்ப் பாரு" என்கிறார். அவ்வளவுதான் பேசுகிறார். அம்மா அதை மறுபடி மறுபடி போடச் சொன்னார்.

மூன்று எம்.பி.ஜி.யையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, எஸ்எச்ஏ256 (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து இரண்டும் ஒன்றா என்று சரிபார்த்துவிட்டேன். அக்கா வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும்.

——

பழையதட்டு | வியாழன், காலை 6:30

படித்தேன். மனசு நிறைந்துவிட்டது, வைகைக்கரை.

பேனா பட்ட சி.டி.யையும் தூக்கிப் போட வேண்டாம். உடைகிற அந்த ஏழெட்டு நொடி 23-வது நிமிஷத்தில்தானே? சி.டி. உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது, உங்கள் டிஸ்க் கெட்டிருப்பது விளிம்புப் பக்கம். அதனால் உங்கள் பிரதியில் அந்த நொடிகள் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நின்றுபோவதற்கு முன் அதிலிருந்து வந்த ஃபைலை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் 23-வது நிமிஷத்தை ஓட்டிப் பாருங்கள்.

——

வைகைக்கரை | வியாழன், காலை 7:15

இருக்கிறது அண்ணே, அழிக்கவில்லை. இப்போதுதான் ஓட்டினேன், அந்த இடம் சுத்தமாக வருகிறது. பாட்டி ஆரத்தி எடுக்கிறார்.